பூசணம் பிடித்த திராட்சை

வாயில் வைத்த எதைப் பற்றியும் அவரால் பொய் சொல்ல முடியாது. மற்றபடி எல்லோரையும் போலத்தான். லீவு வேண்டுமென்றால் இல்லாத காய்ச்சல் வரும். பஸ்ஸில் வேண்டாத ஆள் ஏறினால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வார். ஆனால் நாக்கில் ஒன்று பட்டுவிட்டால், எதிரில் இருப்பது முதலாளியா சம்பந்தியா என்றெல்லாம் பார்க்க மாட்டார். உள்ளதைச் சொல்லிவிடுவார்.

நாமக்கல்லிலிருந்து எருமப்பட்டி போகிற வழியில் ஒரு கோழித்தீவன மில். அங்கே நாங்கள் இருவரும் பதினோரு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் லேபில், அவர் கேட்டில். வருகிற சரக்கை உள்ளே விடுவதா, திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்வது அவர் வேலை. ஆத்தூர்ப் பக்கமிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் மக்காச்சோளம் லாரி லாரியாக வரும். அவர் லாரியைச் சுற்றி ஒரு நடை நடப்பார். குத்தூசியை ஒரு மூட்டைக்குள் செருகி இழுப்பார். உள்ளங்கையில் விழுந்த நாலு மணியில் ஒன்றை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். சோளம் நன்றாக இருந்தால் ஒரு வார்த்தை பேச மாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார். லாரி உள்ளே போகும். கெட்டிருந்தால்தான் வாய் திறப்பார்.

"பூசணம். திருப்பிக்க."

லாரிக்காரர்கள் சும்மா விடுவார்களா?

"ஏனுங்க, பாத்தாத் தங்கமாட்ட இருக்குது, நீங்க பாட்டுக்குத் திருப்பச் சொன்னா எப்படிங்க?"

"பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. கோழி என்ன கண்ணாலயா திங்கும்?"

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது எனக்குப் பிடிக்கவில்லை. பூஞ்சை விஷத்தைக் கண்டுபிடிக்க நான் சோளத்தை அரைத்து, கரைத்து, வடிகட்டி, சோதனைப் பட்டையில் கோடு விழுகிறதா என்று காத்திருக்க வேண்டும். அவர் ஒரு கடியில் சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கப் போய்விடுவார். முதல் வருடம் நாலைந்து தடவை அவரோடு மோதிப் பார்த்தேன். ஒரு தடவைகூட நான் ஜெயிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் அவரை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர் என்னை அம்மிணி என்பார்.

அந்த நாக்கை அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். வெற்றிலை இல்லை, புகையிலை இல்லை, குடி இல்லை. டீயைக்கூட ஆறவைத்துத்தான் குடிப்பார். "நாக்கைச் சுட்டுக்கிட்டா நாளைக்கு யாரு லோடு பாக்கறதுங்க?" என்பார். மில்லில் கிடா வெட்டுப் போட்டால், மறுநாள் வேலை இருக்கிறது என்று காரத்தைத் தள்ளிவைத்துவிட்டு வெறும் சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிடுவார்.

என் மகள் பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கியபோது மில்லில் எல்லோருக்கும் மைசூர்பா கொடுத்தேன். ஆத்தூரிலிருந்து என் அம்மா செய்து அனுப்பியது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே போனேன். எல்லோரும் பிரமாதம் என்றார்கள். அவர் ஒரு துண்டை மென்றுவிட்டு, "டால்டாங்க அம்மிணி. நெய்யி மேலாப்புல தடவியிருக்குது, அவ்வளவுதான்" என்றார். பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். எனக்கு முகம் எரிந்தது. அம்மா செய்யவில்லை, கடையில்தான் வாங்கினாள் என்பது அன்று சாயங்காலம் போனில் கேட்டபோதுதான் தெரிந்தது. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. எட்டாவது நாள் அவரே லேபுக்கு வந்து வாசலில் நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க அம்மிணி. உங்க முகத்துக்காவ நல்லா இருக்குதுன்னு ஒரு தடவை சொல்லிப்போட்டேன்னு வைங்க, நாளைக்கு இன்னொருத்தன் முகத்துக்காவச் சோளத்தையும் அப்படிச் சொல்லிருவேன். நாக்குக்கு அந்தப் பழக்கம் வரக் கூடாதுங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நியாயத்தோடு ஒரே வீட்டில் குடியிருப்பது எப்படி இருக்கும் என்று நான் அன்று யோசிக்கவில்லை.

குடியிருந்தவர் அவர் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். சமையலில் அப்படி ஒரு கை. மில்லுக்கு அவர் கொண்டுவரும் டிபன் கேரியரைத் திறந்தால் லேப்வரை வாசம் வரும். அரிசிம்பருப்புச் சோறு ஒன்று போதும், நாங்கள் நாலு பேர் எங்கள் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு அதற்குக் கை நீட்டுவோம். அவர் முதல் வாயை மென்றுகொண்டே சொல்வார்: "சீரகம் ஒரு பொட்டு கூட." இன்னொரு நாள், "கொள்ளு கருக வறுத்துட்டா." இன்னொரு நாள், "தாளிக்கறப்ப எண்ணெய் காயல." குறை இல்லாத நாளில் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார். கேரியரைப் பருக்கை இல்லாமல் வழித்துவிடுவார். அது யாருக்குத் தெரியும்? பார்த்தது நாங்கள்தான்.

ஒரு பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா கச்சாயப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார். "அக்கா, அண்ணன் மாதிரி ஆளுக்குச் சமைச்சுப் போடறது பெரிய விஷயம்" என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் கரண்டியால் எண்ணெயைத் தள்ளிக்கொண்டே சொன்னார்.

"கல்யாணமாயி இருவத்தெட்டு வருசமாச்சு சாமி. ஒரு நாள் நல்லா இருக்குதுன்னு சொன்னதில்ல. எங்கம்மா செத்த பதினாறாம் நாள் ஊட்டுக்கு வந்து அடுப்புப் பத்த வெச்சேன். அன்னைக்காச்சும் சொல்லுவாருன்னு பாத்தேன். புளி பழசுன்னாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது என்று பிற்பாடு பல நாள் நினைத்திருக்கிறேன்.

மில்லில் புதிதாகத் தீவனக் குச்சி செய்யும் மெஷின் வாங்கினார்கள். அதைப் பூட்டிக் கொடுக்க ஒரு ஜெர்மன்காரர் வந்து இரண்டு மாதம் நாமக்கல்லில் தங்கினார். நாற்பது வயது இருக்கும். வெயிலில் மிளகாய்ப்பழமாகச் சிவந்துபோய், எந்நேரமும் இளநீரும் கையுமாக இருப்பார். அவருக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் இங்கிலீஷ் பேசியது நான். மெஷினோடு ஈரமும் பூஞ்சையும் பார்க்கும் ஒரு கருவியும் வந்திருந்தது. ஒரு நாள் அந்தக் கருவி நல்லதென்று சொன்ன லாரியை அண்ணன் நிறுத்திவிட்டார்.

"மூணாவது வரிசை, அடி மூட்டை. மழத்தண்ணி எறங்கியிருக்குது."

ஜெர்மன்காரர் நம்பவில்லை. லாரியை இறக்கிப் பார்த்தோம். மூன்றாவது வரிசை, அடி மூட்டை. பிரித்தால் பச்சைப் பச்சையாகப் பூசணம். ஜெர்மன்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார். மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் அண்ணனோடு கேட்டிலேயே உட்கார்ந்திருப்பார். இருவருக்கும் பாஷை கிடையாது. ஒருவர் சோளத்தைக் கொடுப்பார், மற்றவர் கடிப்பார், உதட்டைப் பிதுக்குவார், சிரிப்பார்கள். தன் அப்பாவுக்கும் இப்படி ஒரு நாக்கு உண்டு, அவர் ஆற்றங்கரைச் சரிவில் திராட்சைத் தோட்டம் வைத்து ஒயின் செய்கிறவர் என்று ஜெர்மன்காரர் என்னிடம் சொன்னார்.

மறு வருடம் மெஷினைச் சரிபார்க்க வந்தபோது ஒரு சின்ன பாட்டில் கொண்டுவந்தார். ஒல்லியாக, நீளமாக, அரை பாட்டில் அளவு. அவர் பிறந்த வருடத்துத் திராட்சையில் அவர் அப்பா செய்து வைத்தது. இனிப்பு ஒயின். சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு ஒரு சின்ன கிளாஸில் குடிப்பதாம். எப்படிச் செய்வார்கள் என்றும் சொன்னார். அறுவடை முடிந்த பிறகும் சில குலைகளைக் கொடியிலேயே விட்டுவிடுவார்கள். பனியில் நனைந்து அதன்மேல் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை தண்ணீரை உறிஞ்சிப் பழம் சுருங்கும். அந்த மணிகளைத்தான் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிழிவார்கள். இன்னும் என்னென்னவோ சொன்னார். நான் வரிசையாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அண்ணன் பாட்டிலை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

"பூசணம் புடிச்ச திராச்சையிலயா? நான் முப்பது வருசமாத் திருப்பி உடற சரக்கு. இந்த மனுசன் அதுல செஞ்சு கொண்டாந்து குடிங்கறான்." வயிறு குலுங்கச் சிரித்தார். "கேளுங்க அம்மிணி, இது கெட்டுப்போனதா, நல்லதா?"

கேட்டேன். கெட்டுப்போய்தான் நன்றாகிறது என்றார் ஜெர்மன்காரர்.

அண்ணன் அன்று குடிக்கவில்லை. வேலையில் இருக்கும்வரை நாக்கில் அந்த மாதிரி எதுவும் வைக்க மாட்டேன் என்றார். ரிடையர் ஆகிற அன்றைக்குத் திறந்து, என்ன ருசி என்று சரியாகச் சொல்லி அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். "நம்ம நாக்கு அந்த ஊருச் சரக்கை என்ன சொல்லுதுன்னு அவங்கப்பனும் தெரிஞ்சுக்கட்டும்."

ரிடையர் ஆக ஒன்றரை வருடம் இருந்தபோது அவர் குரல் கம்மியது. சளி என்றார். பிறகு சோறு இறங்கும்போது வலிக்கிறது என்றார். சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். நாக்கின் வேரில் கட்டி. மில்லில் எல்லோரும், கெட்ட சோளத்தைக் கடித்துக் கடித்துத்தான் வந்தது என்று பேசிக்கொண்டார்கள். டாக்டரிடம் நானே கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, இதற்கெல்லாம் காரணம் தெரியாமலே வருவதும் உண்டு என்றார். கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வார்கள். முப்பது நாளுக்கும் மேல் நாமக்கல்லிலிருந்து பஸ்ஸில் போய்ப் போய் வந்தார்கள், அக்கா கையில் ஒரு வெந்நீர் பிளாஸ்க்கோடு. ருசி போய்விடும், சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

சிகிச்சை முடிந்து ஒரு மாதம் இருக்கும். மத்தியானம் லேபில் இருந்தபோது அக்காவிடமிருந்து போன். முதலில் அழுகைதான் கேட்டது. ஏதோ ஆகிவிட்டதென்று நான் எழுந்தே விட்டேன்.

"என்னக்கா? அண்ணனுக்கு என்ன?"

"எல்லாம் போயிருச்சு சாமி. நாக்குச் செத்துப்போச்சு."

"டாக்டர் சொன்னாரா?"

"டாக்டரு எதுக்குங்க? இன்னைக்கு ரசம் ஊத்தினேன். குடிச்சுப்போட்டு, நல்லா இருக்குதுன்னாரு."

முப்பது வருடமாகக் காத்திருந்த வார்த்தை இப்படி வந்து சேர்ந்தது.

அடுத்த ஞாயிறு நான் போனபோது அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். மறுநாள் வேண்டுமென்றே உப்பு போடாமல் ரசம் வைத்தாராம். அதற்கும் நல்லா இருக்குது என்றாராம். அதற்கு மறுநாள் இரண்டு மடங்கு உப்பு. அதையும் குடித்துவிட்டு, அக்கா முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இன்னைக்கு நேத்தைக்கு மேல" என்றாராம்.

"அதுக்கப்புறம் சோதிக்கலீங்க சாமி. பாவம்னு உட்டுட்டேன். நல்ல சாப்பாடே ஆக்கிப் போடறேன். தெனமும் சொல்றாரு."

அவர் மில்லுக்கு வரவில்லை. ஒரு முறை வந்து முதலாளியைப் பார்த்து, "இனி என்னை நம்பி லோடு எறக்க வேண்டாமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது கேட்டில் ஒரு சோள லாரி நின்றது. அதைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

ஆறாவது மாதம் கட்டி திரும்ப வந்தது. இனி கரண்ட் வைக்க முடியாது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் எனக்குப் போன் செய்தார். குரல் காற்றாக வந்தது.

"அம்மிணி, ஞாயித்துக்கெழம காத்தால வாரீங்களா? அந்தப் பாட்டலைத் தொறந்துரலாம்."

போனேன். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. முன்னறையில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை அவர்மேல் மாட்டிவைத்ததுபோலத் தொங்கியது. பாட்டிலைத் துடைத்து ஸ்டூலில் வைத்திருந்தார்கள். கார்க் திறக்கும் சாமான் எங்களிடம் ஏது? ஒரு மரத் திருகாணியை இறக்கிக் குறடால் இழுத்தேன். பாதி கார்க் கையோடு வந்தது, பாதி பொடிந்து உள்ளே விழுந்தது. அக்கா டீ வடிகட்டியைக் கொண்டுவந்தார். கண்ணாடி டம்ளரில் வடித்தபோது பழைய நல்லெண்ணெய் நிறத்தில், எண்ணெய் போலவே மெதுவாக இறங்கியது.

"மொதல்ல நீங்க, அம்மிணி. என்ன தெரியுதுன்னு சொல்லுங்க. ஜெர்மன்காரருக்கு எழுதோணும். வாக்குக் குடுத்திருக்கேன்."

அவருக்குப் பதிலாக ருசி பார்க்கத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. நான் அதற்கு முன் ஒயின் குடித்ததில்லை. ஒரு வாய் குடித்தேன்.

"இனிப்பா இருக்குண்ணா."

அவர் காத்திருந்தார். நான் இன்னொரு வாய் குடித்தேன். "ரொம்ப இனிப்பு. வாசனையா இருக்கு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கோபமில்லை. பத்து வருடத்துக்கு மேல் சோதனை செய்கிற லேப்காரி, எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது. பிறகு, வேறு ஆள் இல்லாததால்தான் என்று நினைக்கிறேன், அக்கா பக்கம் திரும்பினார்.

"நீ கொஞ்சம் வாயில வெச்சுப் பாரு."

"ஐயோ, நான் மாட்டேனுங்க. சாராயத்தைப் போயி."

"சாராயமில்ல. திராச்சைச் சாறுதான், வயசாயிருச்சு. பாரு."

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு டம்ளரை வாங்கினார். முதலில் முகர்ந்தார். ஒரு சொட்டு நாக்கில் விட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார். பிறகு ஒரு வாய்.

"தேனுங்க" என்றார். "புதுத் தேனில்ல. ரொம்ப நாள் கெடந்து கறுத்த தேன்."

அண்ணன் நிமிர்ந்தார்.

"அப்புறம்?"

"நாரத்தங்கா. ஊறுகாயில்லீங்க. உப்புப் போடாம வெல்லப்பாகுல ஊறப்போட்டாப்புல. அது தோலுக் கசப்புங்கூட இருக்குது."

"அப்புறம்?"

"இனிப்புத் தெகட்டப்போகுதுன்னு நெனைக்கறப்பவே ஒரு புளிப்பு வந்து வாயைக் கழுவி உட்டருது. அதனாலதான் இன்னொரு வாய் கேக்குது." அக்கா இன்னொரு வாய் குடித்தார். "ஒண்ணு சொன்னாச் சிரிக்கக் கூடாது. சீமெண்ணெ வாசம் வருதுங்க. லேசா. வெளக்கை அணைச்சா ஊட்டுக்குள்ள நிக்குமே, அப்புடி."

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அம்மிணி, அன்னைக்கு அவரு கடைசியா ஒண்ணு சொன்னாருங்களே. ஞாபகம் இருக்குதா?"

நான் மறந்தே போயிருந்தேன். அவர் கேட்ட பிறகுதான் வந்தது. நல்ல திராட்சையில் செய்து பல வருடம் வைத்திருந்தால் அதில் எண்ணெய் வாசம் லேசாக வரும், அதை எல்லோராலும் கண்டுபிடிக்க முடியாது, அப்பா கண்டுபிடிப்பார் என்று ஜெர்மன்காரர் சொன்னார். நான்தான் அதைத் தமிழில் சொன்னேன். அப்போது அக்கா அங்கே இல்லை.

அண்ணன் கட்டில் விளிம்புக்கு நகர்ந்து வந்தார். "இன்னும் இருக்குதா? அடியில?"

"இருக்குது. சொல்லத்தான் தெரியல."

"எப்படியோ சொல்லு."

அக்கா தயங்கினார். "ஐப்பசி கார்த்திகையில மில்லுல இருந்து வருவீங்கல்ல? தொவைக்கறதுக்கு உங்க சட்டையை எடுத்தா ஒரு வாசம் வரும். அது இதுல அடியில இருக்குதுங்க."

"பூசணம்" என்றார் அவர்.

"இருக்கும். ஆனா இதுல நல்லா இருக்குது."

வெளியே கோழிக் கூண்டுகளை அடுக்கிய ஒரு வண்டி போனது. அண்ணன் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ புதிதாக வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல.

"உனக்கு இதெல்லாம் எப்பருந்து தெரியும்?"

"எப்பவும் தெரியுமுங்க. நீங்க கேட்டதில்ல."

அவர் கையை நீட்டினார். அக்கா டம்ளரைக் கொடுத்தார். அவர் ஒரு வாய் எடுத்து, லாரி முன்னால் நிற்கும்போது செய்வதுபோலக் கடைவாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டார். விழுங்க ரொம்ப நேரமானது.

"கெட்டியாப் போகுது" என்றார். "கொஞ்சம் குளுகுளுன்னு இருக்குது. வேற ஒண்ணும் தெரியல." டம்ளரைப் பார்த்தபடி, "ரசமும் அப்படித்தான். இத்தனை மாசமா எல்லாமே அப்படித்தான்" என்றார்.

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா கேட்டுட்டு இருந்தே?"

"பொய்யின்னாலும் நீங்க சொல்லிக் கேக்கறதுக்கு நல்லா இருந்துச்சுங்க."

அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். தொண்டையில் கட்டி இருப்பதால் சத்தமாக அழவும் முடியவில்லை. நான் எழுந்து வாசலுக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். போகவில்லை.

"நல்ல லோடு வந்தா நான் என்னைக்குப் பேசியிருக்கேன்?" என்றார், வார்த்தை வார்த்தையாக. "தலையாட்டி உள்ள உட்டுருவேன். அதையே ஊட்டுலயும் பண்ணிப்போட்டேன். நீ ஆக்குன சோத்துல குறை தேட நான் என்ன பாடுபட்டிருக்கேன் தெரியுமா? ஒரு பொட்டுச் சீரகம், ஒரு பொட்டு உப்பு. அதுக்கு மேல சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது புள்ள."

அக்கா டம்ளரை வாங்கி ஸ்டூலில் வைத்தார். "இப்பச் சொல்லிட்டீங்கல்ல, உடுங்க" என்றார். ஆனால் அவரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

ஜெர்மன்காரருக்கு நான் அன்றே எழுதினேன். அக்கா சொன்ன எல்லாவற்றையும், சட்டை வாசம் உட்பட, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதி, ருசி பார்த்தது அவர் மனைவி என்று எழுதினேன். அண்ணன் அதைத்தான் முதலில் எழுதச் சொன்னார்.

அதன் பிறகு அவர் இரண்டு மாதம்கூட இருக்கவில்லை. சீக்கிரமே வாய் வழியாக எதுவும் இறங்காமல் வயிற்றில் குழாய் போட்டார்கள். குரலும் போய்விட்டது. ஆனால் அக்கா மூன்று வேளையும் சமைத்தார். தட்டைப் போட்டுக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, அது எப்படி இருக்கிறது என்று அவருக்குச் சொல்வார். ஒரு நாள் நான் இருந்தபோது பச்சைப்பயறு கடைசல். "பயறு புதுசுங்க, பால் வாசம் போகல. பூண்டு ரெண்டு பல்லுக் கம்மி. மொளகா ஒறைப்பு தொண்டைக்குப் போகாம நாக்குலயே நின்னுக்குது" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா நிறுத்தினால், மேலே சொல் என்று விரலை ஆட்டுவார். அவர்கள் இருவரும் அவ்வளவு பேசி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, கடைசியில் நாற்பது நாற்பத்தைந்து நாள்.

ஒரு விடிகாலையில் போய்விட்டார்.

கருமாதிக்கு நானும் போனேன். திருப்பூரிலிருந்து அவர்கள் மகள் வந்திருந்தாள். அண்ணனின் தமக்கை, எழுபது வயதுக்கு மேலிருக்கும், சமையலறை வாசலில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொல்லிச் செய்யவைத்துக்கொண்டிருந்தார். படையலுக்கு இலை விரித்தாயிற்று. அந்த அம்மாள் அக்காவிடம் கேட்டார்:

"தம்பிக்கு என்னம்மிணி புடிக்கும்? அதை ஒண்ணு தனியா ஆக்கி வெச்சரு. புடிச்சது வெக்கோணும்."

அக்கா கரண்டியோடு அப்படியே நின்றார். மகளைப் பார்த்தார். மகளுக்கும் தெரியவில்லை. என்னைப் பார்த்தார். பதினோரு வருடம் அந்த டிபன் கேரியரிலிருந்து பங்கு வாங்கித் தின்றவள் நான். எனக்கும் தெரியவில்லை. எது வந்தாலும் வழித்துச் சாப்பிட்டார். எது வந்தால் அவர் முகம் மலர்ந்தது என்று நான் பார்க்கவில்லை.

"எல்லாத்தையும் ஆக்கிடறனுங்க" என்றார் அக்கா.

ஆக்கினார். நாங்கள் யார் சொல்லியும் உட்காரவில்லை. பத்துப் பன்னிரண்டு வகை. இலை நிறைந்து, பக்கத்தில் இன்னொரு இலை போட வேண்டியதாயிற்று. பிறகு போட்டோவுக்கு எதிரில் உட்கார்ந்து, முதல் இலையிலிருந்து ஒரு விள்ளல் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். அண்ணனின் தமக்கை பதறிப்போனார்.

"சாமி, சாமி, படையலை நாம வாயில வெக்கக் கூடாது கண்ணு!"

"நான் சொன்னாத்தானுங்க அவருக்குத் தெரியும்."

அதற்கு மேல் யாரும் தடுக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, மென்று, மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே போனார். புளி, காரம், வாசம், பதம். கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே போய்விட்டார்கள். நானும் மகளும் மட்டும் இருந்தோம். இரண்டு இலையும் முடிந்தது. அக்கா போட்டோவைப் பார்த்து, "இதுல எதுங்க?" என்றார். காத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவரு என்னைக் கேட்டதில்லைன்னு அன்னைக்கு வாய் கூசாமச் சொல்லிப்போட்டேன் சாமி. நானும் அவரை ஒரு நாள் கேட்டதில்ல."